கண்ணுக்கு நேரே ஒரு கம்பி

ஜாலான் புசார் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை நீங்கள் அறிந்ததுதான். 1822ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. கூரை உள்ள இடத்தில் குடையால் என்ன ஆபத்து என்பீர்கள். பாதை முடிந்து சாலையில் இறங்கும் இடத்தை மழை நேரத்தில் கவனியுங்கள். ஒருவர் அங்கே குடையை விரிப்பார். எதிரே வருபவர் மடக்குவார். குள்ளமானவரின் குடைக்கம்பி உயரமானவரின் கண்ணுக்கு நேரே நிற்கும்.

சாதாரணக் குடையில் பெரும்பாலும் எட்டுக் கம்பிகள். விரித்த துணியின் இழுவிசை அந்த எட்டு முனைகளில் விழுகிறது. முனையிலுள்ள குமிழைத் துணியோடு பிடித்திருப்பவை நாலைந்து தையல்களே. நூல் அறுந்தால் குமிழ் கழன்றுவிடும், வெறுங்கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம்!

நியூசிலாந்துப் பொறியாளர் கிரெக் பிரெப்னர் உயரமானவர். 1999ல் லண்டன் நடைபாதைகளில் குடை முனைகள் அவர் கண்களுக்கே குறிவைத்தன. அந்த அனுபவத்தில் பிறந்தது 'பிளண்ட்' குடை. அதில் கம்பி முனை துணியோரத்தில் தைத்த பைக்குள் அகன்று உட்கார்ந்து இழுவிசையைப் பரப்புகிறது. கூர்மையும் இல்லை, துணியும் சுருக்கமின்றி விறைப்பாக நிற்கிறது.

ஆனால் விலை அதிகம். நமக்கு வேண்டியது மலிவுக் குடைக்கும் மாட்டக்கூடிய உறை. நூலை மட்டும் நம்பாமல் கம்பியையே கவ்வ வேண்டும். மடக்கும்போது துணியில் சிக்கக்கூடாது. பளிச்சென்ற மஞ்சளில் செய்யலாம். ஒன்று விழுந்தாலும் உடனே தெரிந்துவிடும். நம் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இதைக் கையில் எடுக்கட்டும். அதுவரை, இன்றிரவே உங்கள் குடையின் எட்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள்.