பொது இயந்திரம்: முறை இருந்தால் பகை இல்லை
(வானொலியில் ஒலிபரப்பான உரை)

நடவுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அதனால் பல ஊர்களில் கூட்டாகச் சேர்ந்து நடவு இயந்திரம் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்திலும், 100 விவசாயிகள் கொண்ட ஒரு குழுவுக்கு இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. வாங்கிவிடலாம். மூணாவது வருஷமும் அது எல்லார் வயலிலும் ஓடணும். அதற்கு மூன்று காரியம் வேணும்.

முதலாவது, முறை. ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்கள் நாம். இயந்திரத்துக்கும் அதே மாதிரிதான். ஆனால் இந்த முறையை நாற்றங்காலிலேயே ஆரம்பிக்கணும். பாய் நாற்றங்காலில் 15 முதல் 18 நாள் வயசுள்ள நாற்றுதான் இயந்திரத்துக்கு ஏற்றது. எல்லாரும் ஒரே நாளில் விதைத்தால் என்ன ஆகும்? ஒரு நாளைக்கு 3 ஏக்கர் நடுவதாக வைத்துக்கொண்டால், 30 ஏக்கருக்குப் 10 நாள் வேணும். கடைசி ஆளின் நாற்று முற்றி, வேர் பின்னிப் போகும். சண்டை அங்கேதான் பிறக்கிறது. ஆகவே தினம் 3 ஏக்கருக்கான நாற்று என்று பிரித்து, நாள் தள்ளி விதையுங்கள். தண்ணீர் முதலில் வரும் தலைமடையிலிருந்து தொடங்கலாம். எல்லாருக்கும் ஒரே சமயம் தண்ணீர் வருமானால் சீட்டுப் போடுங்கள். அடுத்த பருவத்தில் கடைசி ஆள் முதலாவதாக வரட்டும். குழுத் தலைவர் வயலானாலும் முறை முறைதான். வெளியாருக்கு வாடகைக்கு விடுவது உறுப்பினர் வேலை முடிந்த பிறகுதான்.

இரண்டாவது, கணக்கு. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பொது இயந்திரத்துக்கு அது பொருந்தாது. "நம்ம மெஷின்தானே, காசு எதுக்கு?" என்று கேட்பவர் உண்டு. பேச்சுக்கு, விலை 3 லட்சம், வருஷம் 100 ஏக்கர் வீதம் 6 வருஷம் உழைக்கும் என்று வைப்போம். ஏக்கருக்கு 500 ரூபாய் தேய்கிறது. எரிபொருள், ஓட்டுகிறவர் கூலி, பழுதுச் செலவு இவற்றோடு அந்த 500 ரூபாயையும் சேர்த்து வசூலித்து, குழுவின் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள். பழைய மெஷின் ஓய்ந்ததும் புதுசு வாங்கக் கை கொடுக்கும்.

மூன்றாவது, பராமரிப்பு. ஆளாளுக்கு ஓட்டக் கூடாது. பயிற்சி பெற்ற இரண்டு பேர் மட்டும் ஓட்டட்டும். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, கிரீஸ் வைத்து, எத்தனை ஏக்கர், என்ன பழுது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கணும். தேய்மானத்தால் வந்த பழுதுக்குப் பொதுப் பணம். கல்லும் கட்டையும் கிடக்கும் வயலில் இறக்கி உடைத்தால் அந்த வயல்காரர் பொறுப்பு. இதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பின்னால் முகம் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் வராது.

ஆகவே, இந்தப் பருவத்துக்கு விதை ஊறப் போடுவதற்கு முன் சாவடியில் ஒரு சாயங்காலம் கூடுங்கள். போன வருஷக் கணக்கை எல்லார் முன்னாலும் வாசித்து, இந்த வருஷ முறையை எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம் விதையை ஊறப் போடலாம்.