பின் பிரேக்கை மாற்றுமுன் ஒரு கணக்கு



தோட்டத்து லயன்களிலும், தோட்டம் துண்டாடப்பட்ட பின் நம் மக்கள் குடியேறிய தாமான் வீடுகளிலும், வாசலில் ஒரு பழைய கார் நிற்பது இன்று சாதாரணக் காட்சி. அது புரோட்டோன் சாகாவாக இருக்கலாம், வீராவாக இருக்கலாம், பெரோடுவா கஞ்சிலாகவும் இருக்கலாம். அந்தக் காரின் பின் சக்கரங்களில் உள்ள டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, வேறொரு மாடலின் டிஸ்க் பிரேக்கைப் பூட்ட வேண்டும் என்று வீட்டிலுள்ள இளைஞர் ஆசைப்படுகிறார். பணம் கேட்கிறார். கொடுப்பதா, மறுப்பதா என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. கொடுத்தால் வீண் செலவோ என்ற எண்ணம். மறுத்தால் பிள்ளையின் பாதுகாப்புக்குத் தடை செய்கிறோமோ என்ற அச்சம். இந்தக் கேள்வியை இன்று சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

இளைஞர்களின் ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் கெலாங் பாத்தா ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சிறிய பட்டணம். 1998 ஜனவரியில் சிங்கப்பூரின் துவாஸ் பகுதிக்குச் செல்லும் இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் நம் சாலைகளில் கொள்கலன் லோரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஓடுகின்றன. இப்படிப்பட்ட சாலையில் நல்ல பிரேக் வேண்டும் என்று நினைப்பது அறிவுடைமையே. ஆனால் நல்ல பிரேக் என்பது எது?

முதலில் இரண்டு வகைப் பிரேக்குகளையும் தெரிந்துகொள்வோம். டிரம் என்பது இரும்புக் கிண்ணம் போன்றது. அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதனுள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் உண்டு. நாம் பிரேக்கை மிதித்ததும் சக்கரத்திலுள்ள சிறிய பம்பு அந்த ஷூக்களை வெளிப்புறமாகத் தள்ளிக் கிண்ணத்தின் உட்சுவரில் உரசச் செய்கிறது. சுற்றுகின்ற டிரம், ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக் கொள்ளும். ஆகவே, சிறிய பம்பே போதுமான வேலையைச் செய்துவிடுகிறது.

டிஸ்க் என்பது இரும்புத் தட்டு. கேலிப்பர் என்னும் இடுக்கி, இரு பக்கமும் உள்ள பேடுகளால் அதை அழுத்திப் பிடிக்கிறது. தட்டு வெளியே இருப்பதால் காற்றுப் பட்டு விரைவில் சூடு தணிகிறது. மழைநீரும் விரைவில் வழிந்து போகிறது. ஆனால் டிரம்மைப் போலத் தானே இறுக்கிக் கொள்ளும் தன்மை இதற்குக் கிடையாது. ஆகவே இதற்குப் பெரிய பிஸ்டனும், மிகுதியான பிரேக் எண்ணெயும் தேவைப்படுகின்றன. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இந்த மாற்றம் பரவியதற்குக் காரணம் உண்டு. 1993இல் வெளிவந்த வீராவும், அதன்பின் வந்த சத்ரியாவும் மிட்சுபிஷி நிறுவனத்தின் ஒரே குடும்பத்துக் கார்களை அடிப்படையாகக் கொண்டவை. சாதாரண 1.5 வீராவில் பின்னால் டிரம். 1998இல் வந்த சத்ரியா ஜிடிஐயில் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க். இவை ஒரே குடும்பம் என்பதால், ஒன்றின் பாகங்கள் பலவற்றை மற்றொன்றில் பூட்ட முடிகிறது. பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடைகளில் இவற்றைத் தேடிப் பிடித்து இளைஞர்கள் வாங்குகிறார்கள். பாகம் பொருந்துகிறது என்பது உண்மை. ஆனால் திருகாணி பொருந்துவது வேறு. பிரேக் பொருந்துவது வேறு.

அது எப்படி என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். ஒரு காரின் எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் சக்கரங்கள் 600 கிலோவையும், பின் சக்கரங்கள் 400 கிலோவையும் தாங்குகின்றன. பிரேக்கைப் பலமாக மிதிக்கிறோம். நம் உடல் முன்னே சாய்கிறது அல்லவா? காரின் பாரமும் அப்படியே முன்னே சாய்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் தூரமும், எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும் இருந்தால், உலர்ந்த சாலையில் மிதிக்கும் கடும் பிரேக்கில் ஏறத்தாழ 160 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னே போய்விடும். அப்போது முன்னே 760 கிலோ, பின்னே வெறும் 240 கிலோ. காரை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. பாரம் குறைந்த பின் சக்கரங்களுக்குத் தரையின் பிடிப்பும் குறைவு. அவற்றுக்கு மிகுதியான பிரேக் கொடுத்தால் அவை சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்கும்.

பின் சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும்? இதை நம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். செம்மண் சாலையில் சைக்கிளை வேகமாக ஓட்டி, பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால், பின் சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. காரிலும் அதுதான் நடக்கும். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் பெரும்பாலும் நேராக வழுக்கும். மிதியைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டீயரிங் மீண்டும் கைக்கு வரும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டாலோ, வால் முன்னே வரப் பார்க்கும், கார் சுழன்றுவிடும். அப்போது எதிரே கொள்கலன் லோரி வந்தால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் கார் செய்கிறவர்கள் முன் சக்கரமே முதலில் பூட்டும்படி பிரேக்கை அமைக்கிறார்கள். பின்னே செல்லும் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வும் வைக்கிறார்கள். அந்த வால்வு அந்தந்தக் காரின் எடைக்கும், அதன் பிரேக்குக்கும் ஏற்ப அளவு செய்யப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பமே காரில் ஏறிப் போகும்போது பின்னால் பாரம் மிகுதி. பின் சக்கரம் எளிதில் வழுக்காது. இரவு வேலை முடிந்து, மழையில், பிள்ளை தனியாக வீடு திரும்புகிறாரே, அப்போதுதான் பின்புறம் இலேசாக இருக்கிறது, சாலையும் வழுக்குகிறது. அளவு மீறிய பின் பிரேக் அந்த நேரத்தில்தான் தன் குணத்தைக் காட்டும்.

டிஸ்க் வேண்டாம், வேறு மாடலின் சற்றுப் பெரிய சக்கரப் பம்பை மட்டும் டிரம்முக்குள் பூட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. பள்ளியில் வட்டத்தின் பரப்பளவு கற்பிக்கிறோம். பம்பின் விட்டம் 16 மில்லிமீட்டரிலிருந்து 19 ஆனால், பார்வைக்கு 3 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆனால் தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது. 16ஐ 16ஆல் பெருக்கினால் 256. 19ஐ 19ஆல் பெருக்கினால் 361. விசை 41 விழுக்காடு கூடிவிட்டது! ஆளைப் பார்த்து எடை சொல்வது போல, கண்ணால் பார்த்துப் பிரேக் பாகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. மாற்றுவதானால் முழுமையாக மாற்ற வேண்டும். எந்த மாடலிலிருந்து டிஸ்க்கை எடுக்கிறோமோ, அதே மாடலின் கேலிப்பர், ஹேன்ட்பிரேக் கேபிள், பிரதான பிரேக் பம்பு, அழுத்த வால்வு ஆகிய எல்லாம் ஒரு தொகுதியாக வர வேண்டும். பிரதான பம்பு சிறியதாக இருந்தால், பெரிய பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெயைத் தள்ள முடியாமல் மிதி ஆழமாக இறங்கும். ஹேன்ட்பிரேக் சரியாகச் சேராவிட்டால், மேட்டில் நிறுத்திய கார் பின்னால் உருளும். 13 அங்குல ரிம்முக்குள் கேலிப்பர் அடங்காமலும் போகலாம். அப்போது ரிம், டயர் செலவும் சேரும். பழைய கேலிப்பரானால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட வேண்டும். தட்டு தேய்ந்து, குறிக்கப்பட்ட குறைந்த கனத்துக்குக் கீழே போயிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளை முன்கூட்டியே கேட்டறிவதும், காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிப்பதும் அவசியம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இருக்கும் டிரம்மை நன்றாகச் செப்பனிடுவது. டிரம் என்றால் பழமை, மட்டம் என்று எண்ண வேண்டாம். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் பின் சக்கரத்திலும் டிரம்தான். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் ஐடி.3 என்னும் தன் மின்சாரக் காரிலும் பின்னால் டிரம்மையே வைத்தது. டிஸ்க்கின் பெரிய நன்மை, நீண்ட மலை இறக்கத்தில் சூடு தாங்குவது. கெலாங் பாத்தா சுற்றுவட்டாரம் பெரும்பாலும் சமநிலம்; கேமரன் மலையிறக்கம் நமக்குத் தினசரிப் பாதை அன்று.

பல கார்களில் குறை டிரம்மில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. ஹேன்ட்பிரேக்கை மிக உயரத் தூக்க வேண்டியிருக்கிறதா? பின் டயரின் உட்பக்கம் எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கிறதா? மிதி நாளுக்கு நாள் தாழ்கிறதா? இருந்தால் ஷூ, சக்கரப் பம்பு, இடைவெளியைச் சரிசெய்யும் திருகு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை கொண்டது. ஈரம் சேர்ந்தால் அது 140 பாகை வரை இறங்கிவிடலாம். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். பழைய ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

டயரையும் மறக்கக் கூடாது. காரை முடிவில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புத்தான். இருக்கும் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் வலிமை உடையதானால், அதனினும் பெரிய பிரேக் நிறுத்தும் தூரத்தைக் குறைக்காது. வழுக்கையான டயரில் ஓடும் காருக்கு டிஸ்க் வாங்கும் பணத்தை டயரில் போடுவதே மேல்.

பெற்றோர்களே, பிள்ளை பணம் கேட்டால் உடனே கோபிக்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்போதுள்ள பிரேக்கைப் பிரித்துப் பார்த்தாயா? எந்த மாடலின் பாகம், அதோடு பம்பும் வால்வும் வருகின்றனவா? பூட்டிய பின் எங்கே சோதிக்கப் போகிறாய்? கடைசிக் கேள்விக்குச் சாலை என்பது விடையன்று. புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்தில் காரை உருளைகள் மீது நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே அளந்து காட்டுவார்கள். இடம், வலம் சமமாக இருக்கிறதா, பின் பிரேக் முன் பிரேக்கை மிஞ்சுகிறதா என்பது அங்கே எண்ணாகத் தெரிந்துவிடும்.

தம்பிமார்களே, இந்த மூன்று கேள்விக்கும் விடை உங்களிடம் இருந்தால், வீட்டில் தைரியமாகப் பேசலாம். இல்லையென்றால் முதலில் இருக்கும் டிரம்மைச் சரிசெய்யுங்கள். பிரேக் என்பது நான்கு சக்கரங்களுக்கும் இடையே செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு பக்கத்தை மட்டும் நாம் மாற்றி எழுதினால், அதன் விலையை வண்டியில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.