பீனை நீங்க உருவாக்காதீங்க, கன்டெய்னர்கிட்ட கேளுங்க

போன எபிசோடுக்கு அப்புறம் திண்டிவனத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில முதல் வேலை, ஆறு மாசம் ப்ரொபேஷன். ஸ்பிரிங் பூட் கத்துக்கிட்டுப் போனவரை ஒரு பழைய ஈஜேபி ப்ராஜெக்ட்ல போட்டுட்டாங்க. "அண்ணா, நெட்பீன்ஸ்ல ரைட் கிளிக் பண்ணா பீன் வந்துடுது. உள்ள என்ன நடக்குதுன்னுதான் புரியல. டீம்ல கேட்கக் கூச்சமா இருக்கு"ன்னு சொன்னார். இன்னைக்கு அந்த 'உள்ள' பத்தித்தான் பேசப் போறோம்.

இப்போ யாரு ஈஜேபி எழுதுறாங்கன்னு நீங்க கேட்கலாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க குறைவுதான். ஆனா எழுதி வச்சது ஓடிக்கிட்டிருக்கு, அதைப் பார்த்துக்க ஆள் வேணும். ஈஜேபியோட முதல் பதிப்பு 1998-ல் வந்தது. 2.0 காலத்துல ஒரு சின்ன பீனுக்கே ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், கிளாஸ், அதுக்கு மேல ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்னு எழுதணும். இந்தச் சுமை எதுக்குன்னு 2002-ல் ராட் ஜான்சன் ஒரு புத்தகமே போட்டார், அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பிரிங். ஈஜேபியும் சும்மா இருக்கல. 2006-ல் 3.0 வந்தப்போ எக்ஸ்எம்எல் போய் அனோடேஷன் வந்துடுச்சு. கிளாஸ் மேல @ஸ்டேட்லெஸ் போட்டா பீன் ரெடி.

ஆரம்பிக்க என்ன வேணும்? ஜேடிகே 17, அப்பாச்சி நெட்பீன்ஸ், கிளாஸ்ஃபிஷ் 7. எக்லிப்ஸ் பிடிக்கும்னா அதோட என்டர்பிரைஸ் ஜாவா பேக்கேஜ் எடுத்துக்கோங்க. லேப்ல பழகின டாம்கேட் இங்க உதவாது. அது சர்வ்லெட் ஓட்டும், ஆனா அதுல ஈஜேபி கன்டெய்னர் கிடையாது. நெட்பீன்ஸ்ல மேவன் வெப் அப்ளிகேஷன் ஒண்ணு ஆரம்பிச்சு, சர்வரா கிளாஸ்ஃபிஷைக் காட்டுங்க. அப்புறம் நியூ, என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், செஷன் பீன், ஸ்டேட்லெஸ். பத்து நிமிஷ வேலை. தம்பி இங்க வரைக்கும் வந்துட்டார்.

இனிமேதான் விஷயம். விழுப்புரம் ஜங்ஷனை நினைச்சுக்கோங்க. சென்னை, விருத்தாசலம், கடலூர், பாண்டிச்சேரி, திருவண்ணாமலைன்னு அஞ்சு பக்கம் லைன் பிரியுது. லோகோ பைலட் வண்டியை ஓட்டுவார், ஆனா எந்த லைன்ல போறதுன்னு அவர் முடிவு பண்றதில்லை. பாயிண்ட் மாத்துறதும் சிக்னல் கொடுக்கிறதும் வேற ஆளோட வேலை. உங்க பீன்தான் வண்டி, கன்டெய்னர்தான் சிக்னல். வெளியிலிருந்து மெத்தடைக் கூப்பிட்டா கால் முதல்ல கன்டெய்னர்கிட்ட போகும். அது டிரான்ஸாக்ஷன் தொடங்கும், பூல்ல இருந்து ஒரு பீனை எடுக்கும், உங்க கோடை ஓட்டும், கடைசியில கமிட் பண்ணும்.

அதனாலதான் சர்வ்லெட்ல நீங்களே 'நியூ' போட்டு பீனை உருவாக்கக் கூடாது. அது சிக்னல் இல்லாம கிளம்பின வண்டி. கம்பைல் ஆகும், ரன்னும் ஆகும், உள்ளே என்டிட்டி மேனேஜர் மட்டும் நல்-ஆ நிக்கும். @ஈஜேபி போட்டு கன்டெய்னர்கிட்ட கேட்டு வாங்குங்க. ஒரே பீனுக்குள்ள ஒரு மெத்தட் இன்னொண்ணை நேரடியா கூப்பிட்டாலும் இதே கதைதான், கன்டெய்னருக்குத் தெரியவே தெரியாது. ரெண்டாவது மெத்தட் மேல 'ரிக்வயர்ஸ் நியூ'ன்னு போட்டிருந்தாலும் புது டிரான்ஸாக்ஷன் தொடங்காது.

ஐடிஇ இது எதையும் சொல்லாது. ஆட்டோ இம்போர்ட்டையும் கவனிங்க. @சிங்கிள்டன்னு அடிச்சா ரெண்டு பேக்கேஜ் காட்டும், ஒண்ணு ஈஜேபியோடது, இன்னொண்ணு இன்ஜெக்டோடது. தப்பானதைத் தேர்ந்தெடுத்தா சிவப்புக் கோடு வராது, டிரான்ஸாக்ஷனும் வராது. 2020-ல் ஜகார்த்தா இஇ 9 வந்தப்போ 'ஜாவாஎக்ஸ்'னு இருந்த பேக்கேஜ் பேரெல்லாம் 'ஜகார்த்தா' ஆச்சு. கிளாஸ்ஃபிஷ் 6-லிருந்தும் வைல்டுஃபிளை 27-லிருந்தும் புதுப் பேருதான். ஆபீஸ்ல இருக்கிறது பழைய சர்வரா புதுசான்னு முதல் நாளே கேட்டுடுங்க தம்பி, அதுல கூச்சப்பட எதுவும் இல்லை.

இப்போ காசு சம்பந்தப்பட்ட இடம். திண்டிவனம் டு சென்னை பஸ் டிக்கெட் ஆப் ஒண்ணு எழுதுறோம்னு வச்சுக்கோங்க. ஒரே மெத்தட்ல முதல்ல வாலட்ல 150 ரூபாய் கழிக்கிறோம், அப்புறம் சீட் போடுறோம். சீட் இல்லைன்னா ஒரு எக்ஸெப்ஷன் எறியிறோம். காசு திரும்ப வருமா? அது நீங்க எறியிற எக்ஸெப்ஷன் எந்த வகைன்னு பொறுத்தது. ரன்டைம் எக்ஸெப்ஷன்னா கன்டெய்னர் எல்லாத்தையும் ரோல்பேக் பண்ணிடும். 'சீட் இல்லை'ன்னு நீங்களே ஒரு செக்ட் எக்ஸெப்ஷன் எழுதினா, அது பிசினஸ் விஷயம், நீங்களே பார்த்துப்பீங்கன்னு எடுத்துக்கிட்டு கமிட் பண்ணிடும். காசு போச்சு, சீட் இல்லை, லாக்ல பெருசா எதுவும் இருக்காது. அந்த எக்ஸெப்ஷன் கிளாஸ் மேல @அப்ளிகேஷன்எக்ஸெப்ஷன் போட்டு 'ரோல்பேக்' ட்ரூன்னு குறிக்கணும்.

ஸ்பிரிங் மட்டும் எழுதுறவங்க 'நமக்கென்ன'ன்னு போயிடாதீங்க. ஸ்பிரிங்கோட @டிரான்ஸாக்ஷனலும் இதே விதியைத்தான் வச்சிருக்கு, ஈஜேபி வழக்கத்தைப் பின்பற்றுறோம்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே இருக்கு. இன்டர்வியூல இதைக் கேட்டா எத்தனை பேர் முழிக்கிறாங்கன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

தம்பி, இந்த வாரக் கடைசியில ஒண்ணு செய்யுங்க. சின்னதா ஒரு டேபிள், சர்வர்ல ஒரு ஜேடிஏ டேட்டாசோர்ஸ், ஒரு ஸ்டேட்லெஸ் பீன். ஒரு வரி இன்சர்ட் பண்ணிட்டு செக்ட் எக்ஸெப்ஷன் எறிஞ்சு டேபிளைப் பாருங்க, வரி இருக்கும். அடுத்து ரன்டைம் எக்ஸெப்ஷன் எறிஞ்சு பாருங்க, வரி இருக்காது. அப்போ லாக்ல 'ஈஜேபி எக்ஸெப்ஷன்'னு வரும், அங்கேயே நிறுத்தாம 'காஸ்ட் பை' வரைக்கும் இறங்கிப் படிங்க, உங்க எக்ஸெப்ஷன் அங்கதான் இருக்கும். முடிச்சதும் திங்கட்கிழமை ஆபீஸ் கோடைத் திறந்து, எந்தெந்த எக்ஸெப்ஷன் கிளாஸ் மேல அந்த அனோடேஷன் இல்லைன்னு தேடுங்க. கிடைச்சா டீம் லீட்கிட்ட கொண்டு போங்க, கேட்கறதுக்கு உங்ககிட்ட ஒரு நல்ல கேள்வி இருக்கும்.

அடுத்த எபிசோடுல மெசேஜ் டிரிவன் பீன். வாய்ஸ் நோட் அனுப்பிக்கிட்டே இருங்க.