குளிர்வீக்கமும் அதற்குரிய காப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, மார்கழி, தை இரண்டையும் முன்பனி என்றும், மாசி, பங்குனி இரண்டையும் பின்பனி என்றும் வழங்கினர். அப்பனி நம்மூரில் ஒரு போர்வையால் நீங்கும் அளவினதே. ஆயின் இன்று நம்மவர் பிள்ளைகள் பலர் கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். மகளின் பிரசவத்திற்கு உதவ முதிய தாய்மாரும் அங்குச் செல்கின்றனர். ஆதலின் அந்நாட்டுக் குளிர் விளைக்கும் நோயொன்றை நாமும் அறிதல் அவசியமாகின்றது.

ஆங்கிலேயர் அதனைச் 'சில்பிளெயின்' என்பர். 'சில்' என்பது குளிர். 'பிளெயின்' என்பது கொப்புளத்தைக் குறிக்கும் பழஞ்சொல். நாம் அதனைக் குளிர்வீக்கம் எனலாம். கால்விரல், கைவிரல், காது, மூக்கு ஆகிய இடங்களில் தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ தடித்து, எரிச்சலும் தினவும் உண்டாகும். கரிய நிறத்தோரிடம் அச்சிவப்பு எளிதில் புலப்படாது. ஆதலின் நம்மவர் தினவையும் வீக்கத்தையுமே அடையாளமாகக் கொள்ளல் வேண்டும்.

நீர் உறையும் கடுங்குளிரில் தசையே உறைந்து கெடுவது வேறொரு நோய். குளிர்வீக்கமோ உறையாத ஈரக்குளிரிலேயே தோன்றுவது. குளிர் தாக்கியவுடன் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவ்வுறுப்பைத் திடீரெனச் சூடேற்றின், அக்குழாய்கள் அவ்வேகத்திற்கு ஈடுகொடாமையால் நீர் கசிந்து வீக்கம் பிறக்கின்றது.

இங்கேதான் நாம் பெரிதும் சிந்திக்க வேண்டும். மகன் தொலைபேசியில், "கால் மரத்துப்போகிறது, அம்மா" என்றால், "வெந்நீரில் காலை வை, அப்பா" என்றன்றோ நாம் கூறுகின்றோம்! அன்பினாற் கூறும் அவ்வுரையே தீங்காய் முடியும். நீரிழிவுடையார்க்கு இஃது இன்னும் பெரிய அபாயம். உணர்ச்சி குன்றிய கால், சூட்டின் அளவை அறியாது வெந்துபோதலும் உண்டு. வீட்டினுள் வெறுங்காலோடு உலவும் நம் வழக்கமும் அந்நாட்டுத் தண்ணென்ற தரைக்குப் பொருந்தாது.

வருமுன் காக்கும் வழிகள் எளியன. காலை மட்டுமன்றி உடல் முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்தல் வேண்டும். கம்பளிக் காலுறை அணிக. அது நனைந்தால் உடனே மாற்றுக. விரல்களை நெருக்கும் பாதரட்சை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சற்றுத் தளர்ந்ததே நன்று. நெடுநேரம் ஓரிடத்தில் அமராது உலாவுக. புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்குவதாகலின் அதனை அறவே விடுக.

நோய் வந்துவிடின், உறுப்பை மெல்ல மெல்ல வெதுவெதுப்பாக்குக; அடுப்பினருகிலும் வெந்நீர்ப் பையின்மேலும் காலை வையற்க. சொறிதலும் ஆகாது. புண்ணில்லாத இடத்தில் தினவு தணியக் காலமைன் பூசலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறிவிடும். அங்ஙனம் ஆறாதாயினும், தோல் வெடித்துச் சீழ் கட்டினாலும், குளிர்காலந்தோறும் திரும்ப வந்தாலும் வைத்தியரை நாடுக. வேறு நோயின் அறிகுறியாகவும் அஃது இருக்கக்கூடும். அடிக்கடி வருவோர்க்கு இரத்தக் குழாயை விரிக்கும் நிபெடிபின் என்னும் மருந்தை வைத்தியர் அளிப்பதுண்டு. அதனைத் தாமே வாங்கி உண்ணலாகாது. நீரிழிவுடையார் ஒருநாளும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.

அன்பர்களே! கடல் கடந்து செல்லும் பிள்ளைகட்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கின்றோம். அவற்றோடு இரண்டு இணை கம்பளிக் காலுறையும், இன்று கேட்ட இச்செய்தியும் உடன் செல்வனவாக! நம் மக்கள் எந்நாட்டினும் நலமுற வாழ இறைவன் அருள் புரிவானாக.