அவசரம் செல்லாத தீவுகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தீவு வரிசை கிடக்கிறது. வெளி ஹெப்ரிடீஸ் என்று பெயர். மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 26 ஆயிரம். கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்த கேலிக் மொழி இன்றும் வீட்டிலும் கடையிலும் தேவாலயத்திலும் புழங்குகிற மண் இது. சாலையோரப் பெயர்ப் பலகைகளிலும் அந்த மொழிதான் முந்தி நிற்கும்.

இந்தத் தீவுகளைக் காரிலும் ஃபெர்ரியிலுமாகச் சுற்றிப் பார்ப்பது பற்றி இன்று பேசப் போகிறேன். ஆற அமரச் சுற்ற வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அங்கே போனால் தெரியும், வேறு விதமாகச் சுற்றவே முடியாது. கடலும் காற்றும் சாலையும் ஊர் வழக்கமும் சேர்ந்து உங்கள் வேகத்தைக் குறைத்துவிடும்.

பயணத்தைத் தெற்கிலிருந்து தொடங்குவோம். ஓபன் துறைமுகத்தில் காரைக் கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றிவிட்டு மேல்தளத்துக்குப் போய் உட்கார்ந்தால், பாரா தீவு வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காற்று பலத்தால் கப்பல் கிளம்பாது, கோடையிலும்கூட. காருக்கு முன்பதிவு செய்யுங்கள். ஆனால் மறுநாள் இரவுக்கு மூன்று தீவு தள்ளி அறை எடுத்து வைக்காதீர்கள்.

பாராவின் விமான நிலையத்தைப் பாருங்கள். கிளாஸ்கோவிலிருந்து வரும் சிறு விமானம் கடற்கரை மணலில்தான் இறங்குகிறது. ஓதம் ஏறினால் ஓடுதளம் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் விமான அட்டவணையே போடுகிறார்கள். விமானமே காத்திருக்கும் ஊரில் நாமும் காத்திருக்கலாம்.

காத்திருந்தால் கதை கிடைக்கும். பாராவிலிருந்து நாற்பது நிமிடக் கடல் வழியில் எரிஸ்கே என்றொரு சின்னத் தீவு. 1941-இல், போர்க்காலத்தில், பொலிட்டீசியன் என்ற சரக்குக் கப்பல் அதன் அருகே பாறையில் மோதி நின்றது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கி பாட்டில்கள்! ஊரில் விஸ்கிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். தீவுக்காரர்கள் இரவோடு இரவாகப் படகில் போய் அள்ளி வந்தார்கள். சுங்க அதிகாரிகள் வீடு வீடாகத் தேடினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். காம்ப்டன் மெக்கன்சி இதை 1947-இல் நாவலாக எழுத, இரண்டே ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. படப்பிடிப்பு நடந்தது பாராவில்.

எரிஸ்கேயிலிருந்து வடக்கே போகப் போக, கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய தாம்போதிச் சாலைகள் ஒரு தீவை அடுத்த தீவோடு இணைக்கின்றன. பென்பெகுலாவுக்கும் வடக்கு யூயிஸ்ட்டுக்கும் நடுவே இப்படி ஒரு சாலை 1960-இல்தான் வந்தது. அதற்கு முன், கடல் வற்றும்போது மணலில் இறங்கி நடந்தோ வண்டி கட்டியோதான் கடக்க வேண்டும். நேரம் தப்பியவர்களைக் கடல் கொண்டுபோனதும் உண்டு. இன்று அதே வழியில், நீர்நாய் கடக்கும் இடம், பார்த்து ஓட்டுங்கள் என்று எச்சரிக்கைப் பலகை நிற்கிறது.

சாலை பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி, ஒதுங்கும் இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் நிற்க வேண்டும். ஒதுங்கும் இடம் வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகாதீர்கள். உங்கள் இடப்பக்கத்திலேயே நின்று எதிர்வண்டிக்கு அதை விட்டுக் கொடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தாலும் ஒதுங்கி வழி விடுங்கள், அவருக்கு வேலை இருக்கும். கடந்து போகிறவர் கையை உயர்த்துவார். நீங்களும் உயர்த்துங்கள். அதுதான் அங்கே மரியாதை.

வடக்கு யூயிஸ்ட்டைத் தாண்டினால் அடுத்தது ஹாரிஸ். அங்கே போகும் ஃபெர்ரி, பாறைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் ஓடும். ஹாரிஸின் மேற்குக் கரை பெரும்பாலும் வெண்மணலும் புல்வெளியுமாக இருக்கும். கிழக்குக் கரையில் வெறும் பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆடு வளர்ப்பில் லாபம் கண்ட நிலக்கிழார்கள் மேற்கிலிருந்த குடியானவர்களை விரட்டினார்கள். அவர்கள் கிழக்கே வந்து, பாறை இடுக்கில் கடற்பாசியையும் மண்ணையும் குவித்து உருளைக்கிழங்கு போட்டார்கள். புதைக்கும் அளவுக்கு மண் இல்லாததால், இறந்தவர்களை மலை தாண்டி மேற்கே சுமந்து போனார்கள். இரண்டு கரையையும் பார்க்காமல் ஹாரிஸைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இங்கே பிறந்ததுதான் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணி. தீவுவாசிகள் தங்கள் வீட்டில், தங்கள் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993-இல் பிரிட்டன் சட்டமே போட்டது.

கடைசியில் லூயிஸ். காலனிஷ் ஊரில், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல் வட்டம் திறந்த வெளியில் நிற்கிறது. தலைநகர் ஸ்டோர்னோவேயோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் நாட்டு ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தேடித் தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி அங்கே பிறந்தவர். இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரும் அவரே. அவர் திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் இருக்கிறது.

லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிற்றுக்கிழமை, சமய வழக்கப்படி கண்டிப்பான ஓய்வு நாள். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறன்று ஃபெர்ரி ஓடத் தொடங்கியதே 2009-இல்தான், அதுவும் பெரிய எதிர்ப்புக்கு நடுவே. கத்தோலிக்கர் மிகுந்த பாராவிலும் தெற்கு யூயிஸ்ட்டிலும் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. எப்படியும் சனிக்கிழமையே பெட்ரோலும் சாப்பாடும் வாங்கி வைத்துவிடுங்கள்.

போக நல்ல மாதங்கள் மே, ஜூன். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முழுவதும் பார்க்க பத்து நாளாவது ஒதுக்குங்கள். ஐந்து நாள்தான் கையில் இருக்கிறதென்றால், பாதித் தீவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை இன்னொரு முறை பார்க்கலாம்.