வாழைப்பழமும் விசைப்பலகையும்



வாழைப்பழம் பாடுமா எனின் நகைப்பீர்கள். சென்ற வாரம் நம் குடியிருப்புப் பிள்ளைகள் சங்கக் கூடத்தில் அதனைப் பாட வைத்தனர்.

இதற்குதவிய கருவி மேக்கி மேக்கி என்பது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவர்களாயிருந்த ஜே சில்வர், எரிக் ரோசன்பாம் என்னும் இருவர் ஆக்கியது. 2012-இல் பொதுமக்களிடம் 25,000 டாலர் வேண்டினர். ஐந்து லட்சத்துக்கும் மேல் குவிந்தது!

சிறு பலகைதான் அது. அதன் கம்பியொன்று பழத்துக்குச் செல்லும். மற்றொன்று நம் கையில். மறுகையால் பழத்தைத் தொட்டதும் மின்சுற்று நிறைவுறுகிறது. பழத்திலும் உடலிலும் நீரும் உப்பும் உள்ளமையால் மிக நுண்ணிய மின்னோட்டம் அவற்றினூடே பாயும். நமக்கு அது தெரிவதேயில்லை. கணிப்பொறியோ, விசையொன்று அழுத்தப்பட்டதாகவே கொண்டு ஓசை எழுப்புகிறது. உருளைக்கிழங்கும் பச்சிலையும் ஈரக் களிமண்ணும் இவ்வாறே உதவும். காய்ந்த சருகு உதவாது.

புகைவண்டி அலுவலகத்தில் முதன்முதல் கணிப்பொறிமுன் அமர்ந்த அன்று, விசை தவறினால் பெட்டியே கெடுமோ என நடுங்கினோம். பத்தாவதோடு நின்ற படிப்பு. பிறரைக் கேட்கவும் வெட்கம். அன்று கூடத்திலும் ஒதுங்கியே நின்றோம். எட்டு வயதுச் சிறுமியொருத்தி நம் கையில் கம்பியைத் திணித்து, "தொடுங்க மாமா" என்றாள். தொட்டோம். 'ச' என ஒலித்தது.

அக்கருவி இரவல், நாளை திரும்பிவிடும். சங்க நூலக நிதியினின்று ஒன்று வாங்கச் செயற்குழு இசைய வேண்டுகிறோம். பழம் நம் பொறுப்பு.