பென்சில் டிக் போட்ட புத்தகம்

(தலைப்பு: நுழைவுத் தேர்வில் பிள்ளைகளைக் கரை சேர்ப்பது பெற்றோரின் பணமா? பிள்ளைகளின் உழைப்பா? 'உழைப்பே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அய்யா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே பணத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அணியினரே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி சொன்னார், லட்ச ரூபாய் இல்லாம மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட எட்டிப் பார்க்க முடியாதுன்னு. முழுசா மறுக்க மாட்டேன் அய்யா. 2021-ல நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவே, நீட் தேர்வுல பயிற்சி வகுப்புக்குப் போனவங்களுக்கும் திரும்பத் திரும்ப எழுதினவங்களுக்கும்தான் சாதகம்னு சொல்லிச்சு. சரி, அந்த வகுப்புல காசைக் கொடுத்து நாம எதை வாங்கறோம்?

நான் 1995-ல நுழைவுத் தேர்வு எழுதினவ. 1984-லேர்ந்து 2006 வரைக்கும் பிளஸ் டூ மார்க்கோட அந்தத் தேர்வு மார்க்கையும் கூட்டித்தான் நம்ம மாநிலத்துல மருத்துவம், பொறியியல் எல்லாம். எங்கப்பாவுக்குச் சைக்கிள் கடை. வகுப்புக்குப் பணம் கட்ட அம்மா தாலிச் செயினைக் கழட்டிட்டாங்க. "முதல்ல அதை மாட்டு"ன்னு சொல்லிட்டு, அப்பா என்னைத் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்துக்குக் கூட்டிட்டுப் போனார். பழைய வினா விடைப் புத்தகம் ஒண்ணு, பேரம் பேசி வாங்கினார். வீட்டுக்கு வந்து பிரிச்சா, எல்லாக் கேள்விக்கும் முந்தி வெச்சிருந்தவர் பென்சில்ல டிக் போட்டிருக்கார். அதுல பாதி தப்பு! (சிரிப்பு)

எது தப்பு, ஏன் தப்புன்னு பாடப் புத்தகத்தைப் பொரட்டிப் பொரட்டி ஒரு மாசம் கண்டுபிடிச்சேன். அந்தப் புண்ணியவான்தான் எனக்கு வாத்தியார். டாக்டர் சீட் கிடைச்சுதான்னு கேக்கறீங்களா? கிடைக்கலை. இயற்பியல் டீச்சர் ஆனேன். (எதிரணியில் கைதட்டல்) தட்டுங்க, தட்டுங்க. மேல கேளுங்க.

இப்ப என்கிட்ட, அரசுப் பள்ளியில, ஒரு பொண்ணு. அம்மா பூக்கட்டி விக்கிறவங்க. ஆறாம் வகுப்புலேர்ந்து அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு 2020-ல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்துச்சே, அதை நம்பித்தான் இருக்கா. பாடப் புத்தகம் இலவசம். பழைய வினாத்தாளை இணையத்துல எடுத்து, விடைத்தாளையும் சேர்த்து ஜெராக்ஸ் போட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டு மணிக்கு உக்காருவா, அஞ்சு மணிக்கு எழுந்திருப்பா. ஏன் ரெண்டு மணி? நிஜப் பரீட்சை அந்த நேரத்துலதான். சாப்பிட்டதும் நமக்கெல்லாம் சொக்குமே, அந்த நேரம்! நடுவர் அய்யாவுக்கே இப்ப லேசா... (பலத்த சிரிப்பு)

அப்புறம்தான் முக்கியமான வேலை. தப்பு நோட்டு. தெரியாம விட்ட தப்பு ஒரு பக்கம், தெரிஞ்சும் அவசரத்துல விட்ட தப்பு எதிர்ப் பக்கம். 180 கேள்வி, 720 மார்க். சரியா எழுதினா 4, தப்பா எழுதினா 1 போச்சு. அப்ப தெரிஞ்ச கேள்வியைத் தப்பா எழுதினா வரவேண்டிய 4 வராது, கையிலிருக்கிற 1-ம் போகும். ஒரு அவசரத்துக்கு 5 மார்க் அய்யா! முதல் வாரம் அவளுக்கு அவசரத் தப்பு 20. நூறு மார்க்! மூணு மாசத்துல அது 6 ஆச்சு. மிச்சம் 70 மார்க். ஜெராக்ஸ் செலவு தவிர ஒரு பைசா கொடுக்கலை. (கைதட்டல்)

காசு கொடுத்து வாங்கறதுல பெரும்பங்கு இதுதாங்க. நேரத்தோட உக்கார வெக்கறது, தப்பைத் திருத்தச் சொல்றது.

ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க அணித் தலைவர் கோவிச்சுக்கக் கூடாது. ஞாயிறு முகூர்த்த நாள்ல அந்தப் பொண்ணு கை இல்லைன்னா அம்மாவுக்கு எத்தனை முழம் குறையும்? பணம் செலவாகலைன்னு நான் கணக்குச் சொல்றேன், அந்தம்மா வீட்டுல கணக்கு வேற. முதல் தடவை சீட்டும் கிடைக்கலை. ரிசல்ட் வந்த அன்னிக்கு அந்தம்மா கூடையோட பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாங்க. பொண்ணை நிறுத்தத்தான் வந்திருக்காங்கன்னு நான் பயந்துட்டேன்.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கிழமை பரீட்சை உண்டா? உண்டுன்னா உதிரிப் பூ கொஞ்சம் குறைச்சு எடுப்பேன். அதான் கேட்டுட்டுப் போலாம்னு"ன்னாங்க.

மணி அடிச்சுட்டீங்க அய்யா. (பலத்த கைதட்டல்)